ஒன்பதாவது முடிச்சு

மலேசியா போய்வந்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பது, இரட்டைக் கோபுரம் பார்த்தீர்களா என்றுதான். பார்த்தேன். ரயில் ஜன்னல் வழியாக, மழைக்குள், தூரத்தில். அவ்வளவுதான். நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அக்காள் பவுலினைக் கையோடு கூட்டிவரப் போனேன்.

அவள் கணவர் ஆரோக்கியம் அத்தான் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கோல சிலாங்கூருக்கு உள்தள்ளி, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீட்டில், அறுபத்தெட்டு வயதில் அவள் ஒற்றையாகக் கிடந்தாள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யும்படி தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "வந்து கூட்டிட்டுப் போடி, ஸ்டெல்லா" என்று அவளே போனில் சொன்னாள். ஆறு நாளில் காரியத்தை முடித்துவிடலாம் என்று நான் கிளம்பினேன். முப்பத்து நாலு வருடம் தபால் ஆபீசில் குப்பை கொட்டியவள் நான். எதையும் நாள் குறித்து முடித்துத்தான் பழக்கம்.

திங்கட்கிழமையே கோளாறு. கோலாலம்பூரிலிருந்து ரவாங் போகும் ரயிலில் ஏறச் சொல்லியிருந்தார்கள். நான் எதிர்த்திசை ரயிலில் ஏறி, மணப்பாறை முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டேன். எதிரே இருந்த மலாய்க்கார அம்மாள் என் மூட்டையையும் என்னையும் பார்த்துவிட்டுத் தன் மகளிடம் ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி அதைக் கேட்டுச் சிரித்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, அவங்க என்ன சொல்றாங்கன்னா, இந்தம்மா வழி தெரியாம ஏறிட்டாங்க, பாவம், யாராவது சொல்லுங்களேன்னு. நீங்க எங்க போறீங்க?"

"ரவாங்."

"ஐயோ, இது ராங் சைட் லா. நெக்ஸ்ட் ஸ்டேஷன்ல இறங்கி அந்தப் பக்கம் பிளாட்பார்ம் போங்க. ஓகே?"

இறங்கினேன். படி ஏறி, படி இறங்கி, மறுபடி ரயில் ஏறி, ரவாங்கில் வந்து விழும்போது பகல் இரண்டு மணி. முறுக்கில் பாதி மாவாகியிருந்தது. வெளியே சாயம்போன நீலச் சட்டையில் ஒரு ஆள் ஓடி வந்தார். அவர்தான் ராஜூ. ஐம்பது வயதிருக்கும், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். ஒரு காலத்தில் அதே லயத்தில் அக்காளுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர். இப்போது ஊருக்குப் பக்கத்தில் தாமானில் வீடு. அங்கே குடியிருப்புக் காலனியைத் தாமான் என்கிறார்கள்.

"பசியாறிட்டீங்களாக்கா?" என்றார் முதல் வார்த்தையாக. பெரிய சோகத்துக்கு வந்தவளிடம் இப்படிக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல். ஆனால் வயிறு காய்ந்துதான் கிடந்தது. ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் ரொட்டியும், நுரை பொங்க ஆற்றிய தேநீரும் வாங்கிக் கொடுத்தார். ரொட்டி என்றால் நம் பரோட்டாதான், இன்னும் மெல்லிசு. குழம்புக்குப் பதில் பருப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு சாப்பிட்டேன்.

லாரியில் ஏறுவதற்குள் என் முட்டி கழன்றுவிடும்போல இருந்தது. ரவாங்கின் வீடுகளும் பாக்டரிகளும் முடிந்தபிறகு செம்பனை ஆரம்பித்தது. ஆரம்பித்தது, முடியவேயில்லை. ஒரே மரம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. நம் ஊர்ப் புழுதிக் காட்டில்கூட நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு மாதா கெபி வரும். இங்கே கண் எங்கும் தரிக்க இடமில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பிய அரை மைலில் லாரி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ராஜூ இறங்கி மட்டைகளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார், ஏறி ஓட்டினார், மறுபடி இறங்கினார். ஒரு மணி நேரம். நான் உள்ளே உட்கார்ந்து ஜெபமாலையைத் தேய்த்தேன்.

"இப்படித்தான் ஆரோக்கியண்ணன ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனன்னைக்கும் ஒக்காந்துச்சு" என்றார் ராஜூ, நெற்றியைத் துடைத்தபடி. 

லயத்தில் பத்து வீடு. மூன்றில்தான் ஆள். இரண்டில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், கடைசி வீட்டில் அக்காள். பதினோரு வருடத்துக்கு முன் அம்மா சாவுக்கு வந்தபோது பார்த்தது. பாதியாகச் சுருங்கியிருந்தாள். கட்டிப் பிடித்து அழுவாள் என்று நான் தயாராகப் போனேன். அவள் என் காலைப் பார்த்தாள். "செருப்பக் கழட்டி மேல வையி. ஜோனி கடிச்சிருவான்" என்றாள். ஜோனி என்பது நாய். கறுப்பு, ஒரு காது கிழிந்தது. என்னை மோந்து பார்த்துவிட்டு, இது நம் ஆள் இல்லை என்பதுபோல் போய்ப் படுத்துக்கொண்டது. அப்புறம்தான் அக்காள் அழுதாள். முறுக்கு மாவை உள்ளங்கையில் கொட்டித் தின்றுகொண்டே அழுதாள். 

அன்றைக்கே அந்தக் கயிற்றைப் பார்த்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரு பச்சை நைலான் கயிறு. அதில் நாலு முடிச்சு.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அக்காள் என்னை எழுப்பி ஒரு வாளியைக் கையில் கொடுத்தாள். லயத்துக்குப் பின்னால், தோட்டம் விட்டுவைத்த ஒரு தாழ்வான துண்டு நிலம். மரவள்ளி, சோளம், பயற்றங்காய், வாழை. வேலிக்கு அந்தப் பக்கம் வடிகால். அதில் மூங்கிலில் பின்னிய மீன்கூடு ஒன்று அமிழ்ந்து கிடந்தது. அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கினாள். உள்ளே ஏழெட்டு மீன் துள்ளியது. எங்கள் ஊர்க் கண்மாயில் பனையேறிக் கெண்டை என்போமே, அதே சாதி.

"இது தினமுமா?" என்றேன்.

"பின்ன? கடைக்கு யார் போறது? அரிசி, உப்பு, எண்ணெ, சீனி. இது நாலுதான் கடையிலேர்ந்து வரும். மத்ததெல்லாம் இங்கதான். வேல விட்டு நின்னதுலேர்ந்து இப்படித்தான், பத்து வருஷம்."

எனக்கு யாரோ அறைந்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் போனில் "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பேன். மீன் என்பாள், இறால் என்பாள், இறைச்சி என்பாள். நான் ரசத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டு வயிறெரிவேன். மலேசியாக்காரிக்கு என்ன, வாங்கித் தின்கிறாள் என்று மகனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் இந்த இரண்டு கிழங்களும் சேற்றில் இறங்கிப் பிடித்ததும் தோண்டியதும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிடிப்பதற்கு அவர்களிடம் முறை இருந்தது. தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தால் மூன்று பெருமழை கழியும்வரை வடிகால் மீனைத் தொடக்கூடாது. சினை மீனைத் திரும்ப விட வேண்டும். காட்டுப்பன்றி விழுந்தால், அதை அறுக்கிற நேரத்தில் அங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு. நாய்க்கும் ஒரு கூறு. மீந்ததை உப்புக்கண்டம் போட்டு அடுப்புக்கு மேல் தொங்கவிடுவது. அத்தான் அறுக்குமுன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொள்வாராம்.

"மருந்துக்கு மூணு மழை பாத்தாரு. எலிக்கு எத்தனை மழை பாக்கறது?" என்றாள் அக்காள். அத்தானைக் கொண்டுபோனது எலிக் காய்ச்சல். வடிகால் தண்ணீரில் காலில் இருந்த புண் வழியாக ஏறியிருக்கிறது. மூன்றாம் நாளே நினைவு போய்விட்டது.

மத்தியானம் அந்த மீனைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். கூட நுனி சுருண்ட ஏதோ காட்டுக்கீரையை நெத்திலி போட்டு வதக்கினாள். நான் பயந்து பயந்து வாயில் வைத்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அப்படி ஒரு ருசி. சாப்பிட்டு முடித்துக் கையலம்பியபோதுதான் கயிற்றைப் பற்றிக் கேட்டேன்.

அது அத்தானின் கண்ணிக் கயிறு. பன்றி வரும் தடத்தில் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைப்பார். அங்கே அது சட்டப்படி கூடாது. பக்கத்து வீட்டுத் தொழிலாளர்கள் பன்றி தொடாதவர்கள், அவர்கள் நடக்கும் வழியிலும் வைக்கக்கூடாது. ஆகவே எங்கே வைத்தார் என்று யாருக்கும் சொல்லமாட்டார், அடையாளத் துணியும் கட்டமாட்டார். ஒரு கண்ணி வைத்தால் வீட்டுக்கு வந்து கயிற்றில் ஒரு முடிச்சு. எடுத்தால் ஒரு முடிச்சை அவிழ்ப்பார்.

"ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கலாமே?"

"எழுதுனா எவனாச்சும் படிப்பான். முடிச்ச எவன் படிப்பான்னு சொல்லுவாரு." அக்காள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா ஒண்ணுடி. தினம் விடியக்காலம் போய் எல்லாக் கண்ணியையும் பாத்துருவாரு. கிறிஸ்மஸ் அன்னைக்கும் பூசைக்கு முன்னாடி போயிருவாரு. ஒரு ராத்திரிக்கு மேல எந்த உசுரும் கம்பியில கெடக்கக் கூடாது, அப்படிக் கெடந்தா அது வேட்டையில்ல, பாவம்பாரு. சாகறப்ப ஒம்பது முடிச்சு இருந்துச்சு. ராஜூவும் நானும் அஞ்சு எடுத்துட்டோம். நாலு இருக்கு. அத எடுக்காம நான் எப்படி வருவேன்?"

சனிக்கிழமை விமானம். நான் மனதுக்குள் நாளை எண்ணினேன். "சரி, தேடுவோம்" என்றேன். பெரிய மனது எனக்கு.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து மாலைவரை தேடினோம். அத்தானின் ரப்பர் பூட்ஸ் என் காலில் இரண்டு கால் போகும் அளவு. முன்னால் ஜோனி, நடுவில் அக்காள், பின்னால் அட்டைக்குப் பயந்து குதித்துக் குதித்து நான். அக்காள் மரத்தின் அடியைப் பார்ப்பாள், மண்ணைப் பார்ப்பாள், "இங்க வந்துருக்கு" என்பாள். எனக்கு எல்லா மண்ணும் மண்தான். முதல் கண்ணி சோளக்கொல்லை மூலையிலேயே கிடைத்தது. இரண்டாவது ஒரு பழைய ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால். இரண்டும் சும்மா இருந்தன. கம்பி கருகருவென்று இருந்தது. வாரக்கணக்கில் அடுப்புப் புகையில் தொங்கவிட்டு மனித வாடையைப் போக்கிவிட்டுத்தான் வைப்பாராம்.

மூன்றாவதில் ஒரு குட்டி கிடந்தது. பன்றிக்குட்டி. கிடந்தது என்று சொல்லக்கூடாது, தோலும் எலும்பும்தான். சுருக்கு இடுப்பில் இறுகியிருந்தது. அக்காள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா... பாத்தியாடி... யாரு வயித்துக்கும் இல்லாமப் போச்சே. பட்டினி கெடந்து செத்துருக்கே."

அத்தானைப் புதைத்த கதையைச் சொன்னபோதுகூட அவள் இப்படி அழவில்லை. கையாலேயே குழி பறித்து அதை மூடினாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தக் குட்டியைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை, நாற்றம்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மூன்று முடிச்சை அவிழ்த்தாள். மிச்சம் ஒன்று.

வியாழக்கிழமை ராஜூ லாரிக்கு லீவு போட்டுவிட்டு எங்களைக் காரில் கோல சிலாங்கூருக்குக் கூட்டிப்போனார், கல்லறைக்கு. அத்தானுக்குச் சிலுவை இன்னும் மரச்சிலுவைதான், பெயிண்டில் பெயர். அக்காள் மெழுகுவர்த்தி ஏற்றினாள், காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினாள். "ஒண்ணு இருக்கு. எங்கன்னு சொல்லுங்க" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள். ராஜூ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ராஜூ எங்களைக் குன்றுக்கு ஏற்றினார். அங்கே வெள்ளிமுடிக் குரங்குகள் உண்டு. சுற்றுலாக்காரர்கள் பயற்றங்காய் வாங்கி ஊட்டிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஒரு குரங்கு என் தோளில் ஏறி ரவிக்கையைப் பிடித்து இழுத்தது. நான் போட்ட கூச்சலில் ஒரு சீனக் குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காள் பயற்றங்காயைத்தான் பார்த்தாள். "கட்டுக்கட்டா குடுக்குறாங்களே, லூசுங்க" என்றாள்.

ஆற்றோரக் கடையில் மத்தியானச் சாப்பாடு. மீன், இறால், நண்டு எல்லாம் தொட்டியில் உயிரோடு ஊர்ந்தன. அக்காள் வெறும் சோறும் கீரையும் சாப்பிட்டாள். "காசு குடுத்து மீனு திங்க எனக்கு வரலடி, தொண்டைக்குள்ள போவாது" என்றாள். ஊரில் இனி என்ன தின்னப்போகிறாள் என்று எனக்கு அப்போதுதான் கவலை பிடித்தது. எங்கள் நிலத்தை விற்று இருபது வருடமாகிறது. அதில் இப்போது ஒரு திருமண மண்டபம் நிற்கிறது.

திரும்பும்போது காரில் கேட்டேன். "ராஜூ தம்பி, அந்த ஒரு கம்பிய நீங்க பாத்து எடுத்துரக் கூடாதா? அக்கா நிம்மதியா வருவா."

"பாக்குறேன்க்கா. ஆனா அந்தக் காடு எனக்கு அவ்வளவாப் பிடிபடாது லா. நாங்க அஞ்சு எடுக்கவே ஒரு வாரம். தினம் விடியறப்ப லோரி எடுத்தா இருட்டித்தான் வீடு."

"நான்தான் எடுக்கணும்" என்றாள் அக்காள் பின் சீட்டிலிருந்து. "வச்ச வீட்டு ஆளு எடுக்கணும்."

"அப்ப விமானம்?" என்றேன்.

"விமானம் இன்னொரு நாளு வராதா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஒரு துண்டுக் கம்பிக்கு இத்தனை பாடா! மாதக் கடைசியில் இவளைத் தூக்கி வெளியே போட்டால் எந்தக் கம்பி வந்து காப்பாற்றும்? வழி முழுக்கக் கத்தினேன். ராஜூ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். 

வெள்ளிக்கிழமை அக்காளுக்கு முட்டி வீங்கிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வர்றியாடி? ஜோனி கூட வருவான்" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்டவளில்லை. போனேன்.

ஜோனி அன்றைக்கு அலையவில்லை. நேராக வடிகால் கரையில் ஓடியது. வெகு தூரம் போய், குறுக்கே விழுந்து கிடந்த ஒரு செம்பனை மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் தாண்டியது. பெரணிப் புதருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. என்னைத் திரும்பிப் பார்த்து இரண்டு தடவை குரைத்தது.

"வாடா, போலாம்" என்றேன். வரவில்லை. என்னைப் பார்த்தது, புதரைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. புதர் ஒரு பக்கமாக அசைந்தது. உள்ளே ஏதோ இருமியதுபோல் ஒரு சத்தம். உடும்பாக இருக்கும், இல்லை வேறு எதுவோ, எனக்கு எதற்கு வம்பு என்று நின்றேன். குறுக்கே கிடந்த மரம் பாசி பிடித்து வழவழத்தது. கீழே கறுப்புத் தண்ணீர், எலிக் காய்ச்சல் தண்ணீர். மழை இறங்கியது. ஒரு காலை மரத்தில் வைத்தேன். வழுக்கியது. எடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தேன். வீட்டுக்குள் நேரே போகாமல், வீட்டுக்குப் பின்னால் அத்தான் சாமான் வைத்திருந்த கொட்டகைக்குப் போனேன். அங்கே ஆணியில் பழைய பிரேக் கம்பிகள் தொங்கின. ஒன்றை எடுத்துச் சேற்றில் புரட்டினேன். சுருக்குப்போல வளைத்தேன். என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"கெடைச்சிருச்சுக்கா" என்றேன்.

அக்காள் கட்டிலில் உட்கார்ந்தபடி அதைக் கையில் வாங்கினாள். விரலால் சேற்றைக் கொஞ்சம் துடைத்தாள். "எங்க இருந்துச்சு?"

"கரையில. வாழைக்கிட்ட."

"சும்மாவா இருந்துச்சு? எதுவும் இல்லியே?"

"சும்மாதான்."

"ஜோனி எங்க?"

"வருவான்."

நிரம்ப நேரம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "கயித்த எடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். வெறும் கயிற்றைச் சுருட்டித் தன் துணிப்பையில் வைத்தாள். நான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன். ஜோனி மாலைதான் வந்தது, தொப்பலாக. வாசலில் நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது. நான் கதவைச் சாத்தினேன்.

சனிக்கிழமை காலை ராஜூ வந்தார். அக்காள் மிச்சம் இருந்த உப்புக்கண்டத்தைக் கூறு போட்டு வைத்திருந்தாள். ராஜூவுக்கு ஒன்று, அவர் மச்சினன் வீட்டுக்கு ஒன்று, ஜோனிக்கு ஒன்று. மரவள்ளியைப் பக்கத்து வீட்டுத் தொழிலாளர்களுக்குப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னாள். அவர்களில் ஒருவன் நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னான். "இந்த அம்மா போனா இந்த லயத்துல அடுப்புப் புகையே இருக்காதுன்னு சொல்றான்" என்று ராஜூ எனக்குச் சொன்னார். ஜோனியைக் கயிறு கட்டிக் காரில் ஏற்றினோம். தாமானில் ராஜூ வீட்டு வேலியில் அதைக் கட்டிப் போட்டுவிட்டு விமான நிலையம் போனோம். அக்காள் திரும்பிப் பார்க்கவில்லை. விமானத்தில் கொடுத்த கோழியைப் பிரிக்காமல் என்னிடம் தள்ளினாள். நான் இரண்டையும் தின்றேன்.

மணப்பாறையில் அவளுக்கு என் வீட்டின் முன்னறை. விடியற்காலம் எழுந்து கொல்லைக்குப் போவாள். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியும் சிமெண்டுத் தரையும்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நான் என் மகனிடம் சொன்னேன்.

பதினாறாம் நாள் காலை, காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ராஜூவிடமிருந்து குரல் செய்தி வந்தது. நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து, அக்காளும் கேட்கட்டும் என்று சத்தமாகவே போட்டேன்.

"பவுலினக்கா, ராஜூ பேசறேன். ஒடம்பு எப்படி இருக்கு? ஜோனி ரெண்டு வாட்டி அத்துக்கிட்டு ஓடிட்டான்கா. நேத்து லீவு, எங்கதான் போறான்னு பின்னாடியே பைக்குல போனேன். நம்ம கரையில, அந்தச் சாஞ்ச மரம் இருக்குல்ல, அதுக்கு அந்தாண்ட ஒக்காந்துருக்கான். அவன் ஒக்காந்து கொலைச்சான்னாலே உள்ள எர மாட்டியிருக்குன்னு அர்த்தம், ஆரோக்கியண்ணன் அப்படித்தானே பழக்கினாரு. போய்ப் பாத்தா கம்பி லா. நீங்க எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னுதானே சொன்னீங்க? பெரிய பொட்டப் பன்னிக்கா. எலும்புதான் மிச்சம். சுத்தி மண்ணப் பூரா நோண்டி வச்சிருக்கு, வேரையெல்லாம் கடிச்சிருக்கு. சட்டுனு சாவல, நாலஞ்சு நாளு இழுத்திருக்கும் போல. பத்து வீட்டுக்கு வர்ற இறைச்சிக்கா, சும்மா போச்சு. கம்பிய எடுத்துட்டேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இருமல் என்று நான் நினைத்த சத்தம் காதில் வந்து நின்றது.

"இன்னொரு தடவ போடு" என்றாள் அக்காள். போட்டேன். முடியும்வரை கேட்டாள்.

"அன்னைக்கு ஜோனி ஒக்காந்தானாடி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"ஒக்காந்தான்."

"கொலைச்சானா?"

"ரெண்டு தடவ. பொதரு ஆடுச்சுக்கா. நான் தாண்டிப் போகல. பயந்துக்கிட்டு திரும்பிட்டேன்." என் அக்காள் முன்னால் அறுபது வயதில் தலையைக் குனிந்து நின்றேன். அவள் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நீ கொண்டாந்தது பொகை ஏறாத கம்பி" என்றாள். "கையில வாங்கின ஒடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏங்க்கா அவுத்த?"

"எனக்கும் போதும்னு இருந்துச்சுடி. முட்டி வலி. மழை. அவரு வேற இல்ல. நீ பொய் சொன்னே, எனக்கு வசதியாப் போச்சு. நம்புன மாதிரி இருந்துட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அவரு இருந்திருந்தா முட்டியால தவழ்ந்தாவது போயிருப்பாரு."

எழுந்து அறைக்குப் போனாள். துணிப்பையிலிருந்து அந்தப் பச்சைக் கயிற்றை எடுத்து வந்தாள். அதில் ஒரு முடிச்சுப் போட்டாள், இழுத்து இறுக்கினாள். என் சமையலறைக் கதவுக்குப் பின்னால், காலண்டர் மாட்டும் ஆணியில் அதைத் தொங்கவிட்டாள்.

"கம்பியத்தான் ராஜூ எடுத்துட்டாரேக்கா. இத யாரு அவுக்கறது?" என்று கேட்டேன்.

"யாரும் அவுக்க வேணாம். கெடக்கட்டும்" என்றாள்.

அன்று மத்தியானம் நான்தான் சமைத்தேன். அதற்குப் பிறகும் நான்தான். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அந்த முடிச்சு பலகையில் தட்டுகிறது. நான் அதை எடுத்துப் போடவில்லை.